கீழே வைங்க

முதல் கல் எங்கள் சமையலறை ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து குழம்புச் சட்டியில் விழுந்தது. கொதிக்கிற குழம்பு என் முழங்கையில் தெறித்தது. இரண்டாவது கல் வந்தபோது நான் தரையோடு தரையாகப் படுத்துவிட்டேன். "வெளிய வாங்கடா, வெத்தல வாங்கித் தின்னவனுங்களா!" என்று கீழேயிருந்து ஒருவன் கத்தினான். எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். சின்ன வயதில் என்னைத் தோளில் உட்காரவைத்து மயிலாப்பூரில் அறுபத்துமூவர் காட்டியவனின் குரல். என் கூடப்பிறந்த அண்ணன்.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாற்று முகத்துவாரத்திலிருந்து சாந்தோம் பக்கம் மணலில் நடந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஊர் மாதிரிதான் தெரியும். ஹவுசிங் போர்டு பிளாக்குகள், பைபர் படகுகள், குவித்து வைத்த வலைகள், செல்பி எடுக்கும் காதலர்கள். எங்கே ஒரு குப்பம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். வடக்கே ஒரு பெரிய குப்பம், தெற்கே ஒரு பெரிய குப்பம், நடுவில் நாங்கள். அவற்றின் பெயர்களை எழுத மாட்டேன். நாளைக்கும் நான் அதே மணலைத் தாண்டித்தான் பஸ் பிடிக்க வேண்டும். வடக்கு, தெற்கு என்றே வைத்துக்கொள்வோம். எங்களைச் சின்னக் குப்பம் என்பார்கள். அதில் கொஞ்சம் பாசம் உண்டு, நிறைய இளக்காரம் உண்டு.

எங்கள் மீன் ஏலம் போவது வடக்கில். ஐஸ் வாங்குவதும் அங்கேதான். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பிடித்த மீன் மணலிலேயே நாறிப்போகும். கடல் சீறும் மாதங்களில் படகுகளை இழுத்துக்கொண்டு போய் ஒதுக்கிக் கட்டும் முகத்துவாரம் தெற்கின் கையில். அவர்கள் வழியை மறித்தால் ஒரே காற்றில் படகுகள் சுக்குநூறாகும். அதனால் எங்கள் ஆட்கள் பெண் எடுப்பதில்கூட ஜாக்கிரதையாக இருந்தார்கள். ஒரு வீட்டில் மூத்த மருமகள் வடக்கு என்றால் இளையவள் தெற்கு. நான் தெற்கு. என் அப்பாவின் தங்கையை இங்கே கொடுத்திருந்தார்கள், அவளுடைய இளைய மகனுக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். அத்தை மகன்தான், ஆசைப்பட்டுத்தான் கழுத்தை நீட்டினேன். ஆனால் என் கல்யாணத்தில் கொஞ்சம் ராஜதந்திரமும் கலந்திருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

நான் நந்தனத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறேன். வல்லரசுகள் மோதிக்கொள்ளும்போது நடுவில் இருக்கும் சிறிய நாடுகள் எப்படிப் பிழைக்கின்றன என்பது அதில் ஒரு பகுதி. நேபாளம், இலங்கை, மாலத்தீவு என்று வரைபடத்தைக் காட்டி விளக்குவேன். பிள்ளைகளில் எவனாவது ஒருவன், "மேடம், யாரு பெரிய ஆளோ அவன்கூட சேந்துட்டா மேட்டர் முடிஞ்சுது" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். ஏன் இந்த மேடம் இதற்குப் போய் இப்படிக் கத்துகிறாள் என்று அவர்களுக்குப் புரியாது.

வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை சுருக்குமடி வலையால் வந்தது. மீன் கூட்டத்தை மொத்தமாக வளைத்துச் சுருக்கி, குஞ்சும் குளுவானுமாக அள்ளிக்கொண்டு வரும் ராட்சச வலை அது. வடக்கு அதை இறக்கியது. அவங்க அள்ளிட்டா நமக்கு என்ன மிஞ்சும் என்று தெற்கு கொதித்தது. கடலில் படகை மறித்தார்கள், வலையை அறுத்தார்கள், ஒருவன் மண்டையில் துடுப்பால் அடித்து அவன் தண்ணீரில் விழுந்து, நல்லவேளை யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். இதற்குள் இரண்டு பக்கமும், நீங்கள் யார் பக்கம் என்று எங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

இங்கே எங்கள் வெற்றிலைத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகராறு முற்றினால் பெரிய குப்பம் சின்னக் குப்பத்துக்குத் தட்டு அனுப்பும். வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய். அதைக் கையில் வாங்கினால், உங்கள் சண்டை எங்கள் சண்டை என்று பொருள். வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினால், நீ எனக்குப் பகை என்று பொருள். இரண்டில் எது செய்தாலும் எங்களுக்கு அடி நிச்சயம். அதனால் எங்கள் குப்பம் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. தட்டு வரும்போது ஆண்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். தலைவராக இருப்பவர், "கீழே வைங்க, ஆத்தா எடுத்துப்பா" என்பார். வந்தவர்கள் அம்மன் கோயில் வாசலில் மணல்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆத்தாளிடம் போய் யார் சட்டையைப் பிடிக்க முடியும்? பாடப்புத்தகத்தில் இதை நடுநிலை என்று எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு இது 'கீழே வைங்க'.

தெற்கின் தட்டு முதலில் வந்தது. வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வடக்கின் தட்டு வந்தது. தூக்கிக்கொண்டு வந்தவர் வடக்கில் பேர்போன ஒரு பெரியவர். பின்னால் விசிலடித்துக்கொண்டு ஒரு கும்பல். எங்கள் தரப்பில் முன்னால் நின்றவர் என் கணவரின் அண்ணன். அவர்தான் எங்கள் குப்பத்துக்குத் தலைவர். நான் அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன், இங்கே மூத்தவர் என்று எழுதுகிறேன். அவருக்குப் பக்கத்தில் என் கணவர், எல்லோரையும் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. நான் எங்கள் பிளாக் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூத்தவர் வாயைத் திறந்து "கீழே" என்றார். அந்தச் சமயம் பெரியவரின் கால் மணலில் கிடந்த வலைக்கயிற்றில் மாட்டி அவர் தடுமாறினார். தட்டு சரிந்தது. என் கணவரின் வலது கை பாய்ந்து அதைப் பிடித்துவிட்டது.

படகில் வேலை செய்கிறவர்களின் உடம்பு அப்படி. எது நழுவினாலும் கை முந்திக்கொள்ளும். கடலில் விழுந்தது திரும்பி வராது. வீட்டில் நான் டம்ளரைத் தட்டிவிட்டால் அது தரைக்கு வருவதற்குள் அவர் கையில் இருக்கும். அதைப் பார்த்து நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அன்றைக்கும் அவர் பிடித்த பிடியில் தேங்காய்கூட உருளவில்லை. பிடித்தபிறகுதான் தன் கையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது எனக்குப் படிக்கட்டிலிருந்தே தெரிந்தது. "கீழ வெய்டா!" என்று மூத்தவர் அலறினார். வைத்தார். ஆனால் வடக்குப் பயல்கள் ஓவென்று கத்தி, கையிலிருந்த பட்டாசைக் கொளுத்திவிட்டார்கள்.

அந்தப் பெரியவர் வேண்டுமென்றே தடுக்கினார் என்பது என் கட்சி. பட்டாசோடு வந்தவர்களுக்குத் திட்டம் இல்லாமலா இருந்திருக்கும்? "போடி, வயசானவரு, கால் தட்டிச்சு" என்பார் என் கணவர். இந்தச் சண்டை இன்னும் எங்கள் வீட்டில் தீரவில்லை.

போனில் படம் எடுத்தவன் தட்டு சரிந்த பகுதியை வெட்டிவிட்டான். தட்டு என் கணவர் கையில் இருப்பதிலிருந்துதான் வீடியோ தொடங்கியது. 'சின்னக் குப்பம் நம்ம பக்கம்' என்று மேலே எழுதியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் கரை முழுக்கப் பார்த்துவிட்டது. அன்று சாயங்காலம்தான் குழம்புச் சட்டியில் கல் விழுந்தது.

தெற்கிலிருந்து வந்தவர்கள் கையில் கோடாலியும் சவுக்குக் கட்டையும் இருந்தன. படகு எஞ்சின்களைச் சம்மட்டியால் நொறுக்கினார்கள். வலைக்குவியலில் டீசலை ஊற்றிக் கொளுத்தினார்கள். நைலான் உருகிச் சொட்டிய நாற்றம் என் மூக்கில் வெகுநாள் இருந்தது. எங்கள் படகின் முன்பக்கத்தைக் கோடாலியால் பிளந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் தடுக்கப் போனார். கட்டையால் அடித்ததில் அவர் காது பாதி கிழிந்து தொங்கியது. அதைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். என் கணவர் எஞ்சின் சாமான் வாங்க ராயப்பேட்டைக்குப் போயிருந்ததால் தப்பித்தார். என் அண்ணன் மேலே பார்த்தான். நான் உடைந்த ஜன்னலில் நிற்பதைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த படகை நொறுக்கப் போனான்.

மறுநாள் விடிந்ததும் எங்களைக் காப்பாற்ற வடக்கு வந்து இறங்கியது. நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. இரும்புக் குழாயும் கையுமாக வந்து எங்கள் படகுகளில் ஏறி உட்கார்ந்தார்கள். எங்கள் வீடுகளில் சோறு கேட்டார்கள், மீன் குழம்பு கேட்டார்கள், சரக்குக்குத் தொட்டுக்கொள்ளக் கேட்டார்கள். குழாயடிக்குப் போன பெண்களைப் பார்த்துப் பாட்டுப் பாடினார்கள். எங்கள் ஆள் ஒருவர், "கொஞ்சம் தள்ளி குந்துங்கப்பா, பொம்பளைங்க வந்து போற எடம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். பளாரென்று அறை விழுந்தது.

"உனக்காவத்தான் வெயில்ல காய்ஞ்சிக்கினு கீறோம். எங்களையே கேள்வி கேப்பியா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு அறை விட்டான் ஒருவன். வாங்கியவரின் பல் மணலில் விழுந்தது.

அன்றைக்கே இரண்டு பக்கமும் எங்கள் மணலில் மோதிக்கொண்டது. கிரிக்கெட் ஸ்டம்பு, நங்கூரம், பாட்டில், எது கிடைத்ததோ அது. ஒருவன் இன்னொருவனின் தலையை அலையில் அமுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். நுரை சிவப்பாக வந்தது. மீன் வெட்டும் கத்தியால் ஒருவன் விரல் போனது. எங்கள் எதிர்வீட்டுப் பெண் தன் கோழிகளைப் பிடித்து அடைக்க ஓடினாள். குறி தவறிய ஒரு பாட்டில் அவள் நெற்றியைப் பிளந்தது. போலீஸ் வேன் வந்ததும் வடக்கு வடக்கே ஓடியது, தெற்கு தெற்கே ஓடியது. ஓட இடமில்லாத எங்கள் ஆண்களைத்தான் வேனில் ஏற்றினார்கள். மறுநாள் அவர்களை மீட்டுக்கொண்டு வருவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் தெற்கிலிருந்து ஆள் வந்தது. "வாங்குன கைய எங்களாண்ட அனுப்பு. இல்லாங்காட்டி முகத்துவாரத்துல உங்க படகு ஒண்ணு நுழையாது" என்றார்கள். மழைக்காலம் தொடங்கப்போகிறது, வங்கக் கடலில் எதுவோ உருவாகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது தெரிந்ததும் வடக்கிலிருந்தும் ஆள் வந்தது. "அவனைக் குடுத்தீங்க, ஐஸ் கெடையாது, ஏலம் கெடையாது. அவன் இப்ப எங்க ஆளு." என் கணவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் என் அம்மா வீட்டுக்குப் போனேன். அண்ணன் தூங்கி எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணே, என் தாலிய அறுக்கணும்னு முடிவு பண்ட்டியா?"

"யாரு அறுக்கறாங்கோ? கைய மட்டும்தான் கேக்கறாங்கோ" என்றான்.

"கை இல்லாம எப்பிடிக் கடலுக்குப் போவாரு?"

"தட்ட வாங்கசொல்லோ அத்த யோசிச்சிருக்கணும்."

"தட்டு விழுந்துச்சு, புடிச்சாரு. நீ அங்க இருந்தா புடிச்சிருக்க மாட்டியா? அம்மா மேல சத்தியமா சொல்லு."

அவன் வாய் கொப்பளித்துத் துப்பினான். துண்டால் முகத்தைத் துடைத்தான். "புடிச்சிருப்பேன்" என்றான். "ஆனா நான் வாயத் தொறந்தா, தங்கச்சி புருசனுக்கு சொம்பு தூக்கறான்னு என்னைப் போட்டு மிதிப்பாங்கோ. என்னாண்ட வராத. எனக்கும் புள்ள குட்டி கீது." அம்மா காபியோடு வந்தாள். நான் அந்த டம்ளரை வாங்கிச் சுவரில் அடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

எங்கள் குப்பம் கோயில் வாசலில் கூடியது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் ஓரமாக நின்றோம். வடக்கோடு போய்விடலாம், அவர்களிடம் ஆள்பலம் இருக்கிறது என்றார்கள் சிலர். தெற்கோடு போகலாம், புயல் வந்தால் யார் காப்பாற்றுவது என்றார்கள் சிலர். மூத்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேசினார்.

"எவன்கூட சேந்தாலும் அவன் ஜெயிச்சப்புறம் நாம அவனுக்கு எடுபிடி. சேர வேணாம். தம்பிய யாராண்டயும் குடுக்கவும் வேணாம். நாமளே அடிப்போம். நம்ம கட்டுப்பாட்ட மீறிட்டான், நம்ம ஊரு அவனை அடிக்குது. ரெண்டு பேரும் வந்து பாக்கட்டும். அவனுங்க அடிச்சா உயிரு போவும். நாம அடிச்சா கை ஒடியும், அவ்ளோதான். ஒரு அடி. நானே அடிக்கிறேன்."

பலருடைய முகத்தில் நிம்மதி பரவியதைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும்தான் எனக்கு வெறி வந்தது. ஆண்களைத் தாண்டிக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"த்தூ! நீங்கல்லாம் ஆம்பளைங்களா? நாலு பேரு மெரட்டினா வீட்டுப் புள்ளையையே ஒடச்சிக் காட்டுவீங்களா? நான் தெனம் இத்தத்தான் பாடமா நடத்தறேன். சொந்தக் கைய வெட்டி வாசல்ல வெச்சாதான் பொழைக்கலாம்னு எந்த புக்குலயும் எழுதல, பெரிய மாமா!"

"எழுதலன்னா நீ எழுதிக்க" என்றார் மூத்தவர். கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. அந்தக் கண்ணைப் பிடுங்கிவிடலாம் என்றுதான் இருந்தது.

வீட்டில் நான் பெட்டியில் துணியை அடுக்கினேன். "எனக்குச் சம்பளம் வருது. ராயப்பேட்டைல ஒரு ரூம் எடுத்துக்கலாம். வா, மாமா, கெளம்பு" என்றேன். என் கணவர் நான் அடுக்கிய துணியை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்.

"நான் ஓடிட்டேன்னு வெச்சிக்க. அவனுங்க இன்னா பண்ணுவானுங்க? அண்ணன் கையக் கேப்பானுங்க."

"கேக்கட்டுமே!"

"கேட்டா அண்ணன் குடுத்துருவாரு" என்றார். "அதான் பயமா கீது."

குறித்த நாள் காலையில் இரண்டு பக்கமிருந்தும் ஐந்தைந்து பேர் வந்தார்கள். ஆயுதம் கூடாது என்று பேச்சு. ஆனால் எல்லோர் இடுப்பும் புடைத்துத்தான் இருந்தது. தெற்கின் ஐந்து பேரில் என் அண்ணனும் ஒருவன். அவனை அழைத்து வந்ததே அவன் யார் பக்கம் என்று சோதிக்கத்தான் என்று எனக்கு அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது. என் கணவர் குளித்துவிட்டு வெள்ளை பனியனும் துவைத்த லுங்கியுமாக வந்தார். படகை உருட்டும் கட்டை ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதன்மேல் வலது கையை நீட்டி வைத்துக்கொண்டு மணலில் மண்டியிட்டார். என்னை இரண்டு பெண்கள் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வடக்கிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள், ஒருத்தி எங்கள் ஊர்க்காரி. நான் ஒருத்தியின் கையைக் கடித்தேன்.

மூத்தவர் துடுப்பை ஓங்கினார். ஓங்கி அப்படியே நின்றார். "அடிண்ணே" என்றார் என் கணவர். துடுப்பு இறங்கியது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம்தான் வந்தது. என் கணவர் வாயைத் திறக்கவில்லை. கத்தியது மூத்தவர்தான். மணிக்கட்டுக்கு மேலே கை வளைந்து கிடந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அப்போது தெற்கின் தலைவன் என் அண்ணனின் விலாவில் முழங்கையால் இடித்தான். "சொல்றா" என்றான். என் அண்ணன் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இன்னொண்ணு."

"போதும்!" என்று வடக்கிலிருந்து உடனே குரல் வந்தது. "இன்னொரு அடி வியுந்துச்சு, இங்க தலை உருளும்."

அவர்களுக்கு என் கணவர்மேல் ஒன்றும் அக்கறை இல்லை. தெற்கு கேட்டதால் வேண்டாம் என்றார்கள். தெற்கு போதும் என்றிருந்தால் இவர்கள் இன்னொன்று கேட்டிருப்பார்கள். மூத்தவர் துடுப்பைப் பிடித்தபடி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். அடித்தால் தெற்கின் பேச்சைக் கேட்டதாகும். அடிக்காவிட்டால் வடக்கின் பேச்சைக் கேட்டதாகும். அவ்வளவு யோசித்துப் போட்ட திட்டம் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது. பத்துப் பேர் கையும் இடுப்புக்குப் போனது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள்.

என் கணவர் எழுந்தார். ஒடிந்த கையை இடது கையால் தாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற படகுக்குப் போனார். வலது கையைப் படகின் விளிம்பில் வைத்தார். ஐஸ் பெட்டிமேல் ஐஸ் உடைக்கும் மரக்கட்டை கிடந்தது. அதை இடது கையில் எடுத்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு மட்டும் புரிந்தது. "மாமா!" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஐஸ் கட்டியை உடைப்பது போல ஓங்கித் தன் விரல்கள்மேல் போட்டார்.

இந்தத் தடவை அவர் கத்தினார். அந்தச் சத்தம் கேட்டு என் அண்ணன் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். என் கணவர் படகைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"இது நான் அடிச்சது. யாரு சொல்லியும் அடிக்கல. எங்க ஊரும் அடிக்கல. கெளம்புங்க."

கிளம்பிவிட்டார்கள். தெற்கத்திக்காரர்கள் போகும்போது, நாம் கேட்டபடி இரண்டு அடி விழுந்துவிட்டது என்று பேசிக்கொண்டு போனார்கள். வடக்கத்திக்காரர்கள், நாம் போதும் என்ற பிறகு எவனும் அவன்மேல் கைவைக்கவில்லை பார் என்று மார்தட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கும் ஜெயித்த சந்தோஷம். எங்கள் குப்பத்தில் அப்புறம் ஒரு கல் விழவில்லை. அந்த மழைக்காலத்தில் வந்த புயலுக்கு எங்கள் படகுகள் எல்லாம் முகத்துவாரத்தில் பத்திரமாக நின்றன, மறுவாரம் ஐஸும் கிடைத்தது.

ஆட்டோவில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார். என் புடவை முழுக்க ரத்தம். "ரெண்டு பேரும் போயிட்டாங்களா?" என்று கேட்டார். "போயிட்டாங்க" என்றேன். "அண்ணன் அழுறாரா?" என்று கேட்டார். அந்த நிலைமையிலும் அவர் கன்னத்தில் ஒன்று விடலாம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. டாக்டர், "யாருப்பா அடிச்சது?" என்றார். "யாரும் அடிக்கல சார், படகுல மாட்டிகிச்சு" என்றார். மேலே ஒரு மாதிரி ஒடிந்திருக்கிறதே, விரலில் வேறு மாதிரி நசுங்கியிருக்கிறதே என்று டாக்டர் கேட்டதற்கு, "ரெண்டு தபா மாட்டிகிச்சு" என்றார்.

வடக்கும் தெற்கும் அடுத்த வருஷமே ராசியாகிவிட்டன. எப்படி ராசியானார்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் முடியாது. தெற்கும் அதே சுருக்குமடி வலையை வாங்கி இறக்கியது. இப்போது இரண்டு குப்பத்துப் படகுகளும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வளைக்கின்றன. என் அம்மா வீட்டுக்கு நான் போவதில்லை. அண்ணன் இரண்டு தடவை வாசல் வரைக்கும் வந்தான். கதவைச் சாத்தினேன்.

கட்டுப் பிரித்தபிறகும் என் கணவரின் வலது கை விரல்கள் மடங்கவில்லை. கயிறு பிடிக்க முடியாது, சுக்கான் பிடிக்க முடியாது. எங்கள் படகைச் சரிசெய்து வேறொருவருக்கு விட்டுவிட்டோம். மற்ற எல்லாவற்றுக்கும் பழகிவிட்டார், சாப்பாட்டுக்கு மட்டும் பழகவில்லை. இடது கையால் சாப்பிட மாட்டார். கரண்டியும் தொட மாட்டார், அதையும் இடது கையில்தானே பிடிக்க வேண்டும். கல்யாணம் காட்சி என்று பந்தியில் உட்காருவதை விட்டுவிட்டார். காலையில் காலேஜுக்குக் கிளம்பும் முன்னால் நான்தான் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுகிறேன். மத்தியானம் பட்டினி, ராத்திரி நான் வந்து மறுபடி ஊட்டுவேன். கல்லு மாதிரி இருந்த மனுஷன் வாயைத் திறந்து எனக்காகக் காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வருவதில்லை. கோபம்தான் வருகிறது. இன்றைக்கும் வருகிறது.

மூத்தவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். போன மாதம் ஒரு காலையில் வந்தார். நான் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதை அதுவரை பார்த்ததில்லை. வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்துப் பக்கம் திரும்பிப் போனார். உள்ளே வந்து தம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையைக் கழுவிக்கொண்டுதான் வந்திருக்கிறார், ஈரம் சொட்டியது.

"உனக்கு நேரமாவுது. நீ கெளம்பும்மா. குடு, நான் ஊட்டறேன்" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "குடேன்" என்றார் மெதுவாக.

நான் கொடுக்கவில்லை. அடுத்த வாயை உருட்டி என் கையாலேயே அவர் வாயில் வைத்தேன். அதற்கடுத்ததையும் வைத்தேன். பஸ் போய்விட்டது, முதல் வகுப்பு போய்விட்டது. மூத்தவர் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போகிறவரைக்கும் நான் நிறுத்தவில்லை.